ஏரியில் மிதந்த ஆன்டெனா

2020ஆம் வருஷத் தொடக்கத்தில், கர்நாடகத்தின் தண்டிகனஹள்ளி ஏரியில் ஒரு மிதவையைக் கொண்டுபோய் விட்டார்கள். அதன் மேல் கூம்பு வடிவத்தில் ஓர் உலோக ஆன்டெனா. அப்புறம் அதே கருவி ஷராவதி ஆற்றின் அணைத் தேக்கத்திலும் மிதந்தது. செய்தவர்கள் பெங்களூரு மேக்ரி சர்க்கிள் பக்கம் இருக்கும் ராமன் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள். திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1948இல் தொடங்கிய இடம் அது. கருவியின் பெயர் சரஸ் 3. பிரபஞ்சத்தின் முதல் நட்சத்திரங்கள் தங்களைச் சுற்றியிருந்த வாயுவில் பதித்த தடயத்தைத்தான் தேடினார்கள்.

தண்ணீரில் ஏன் மிதக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். முதலில் ஹைட்ரஜன்.

நட்சத்திரம் என்பது ஹைட்ரஜன் வாயு திரண்டு பற்றிக்கொண்டது. ஆகவே ஒரு கேலக்ஸியில் இனிமேல் எவ்வளவு நட்சத்திரம் பிறக்கும் என்று தெரிய வேண்டுமானால், கையிருப்பில் எவ்வளவு ஹைட்ரஜன் மிச்சம் என்று பார்க்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், குளிர்ந்த ஹைட்ரஜன் கண்ணுக்குத் தெரியும் ஒளி எதையும் விடாது. அது விடுவது ரேடியோ அலை. ஹைட்ரஜன் அணுவில் ஒரு புரோட்டான், ஒரு எலெக்ட்ரான். இரண்டுக்கும் தற்சுழற்சி உண்டு. இரண்டும் ஒரே திசையில் இருந்தால் ஆற்றல் ஒரு துளி அதிகம். எலெக்ட்ரான் புரண்டு எதிர்த்திசைக்கு மாறும்போது அந்தத் துளி 21 சென்டிமீட்டர் அலையாக வெளியே வருகிறது. ஒரு தனி அணு தானாகப் புரளச் சராசரியாக 1.1 கோடி ஆண்டு ஆகும். ஆனால் விண்வெளியில் அணுக்களுக்கா பஞ்சம்? டச்சுக்காரர் வான் டி ஹுல்ஸ்ட் 1944இல் இதைக் கணக்குப்போட்டுச் சொன்னார். 1951இல் ஹார்வர்டில் யூவனும் பர்செலும், ஜன்னலுக்கு வெளியே நீட்டிவைத்த ஒரு புனல் ஆன்டெனாவால் நம் பால்வெளியின் ஹைட்ரஜனைப் பிடித்துவிட்டார்கள்.

இந்த அலையின் பெரிய வசதி, புறப்படும்போது அதன் நீளம் என்ன என்பது நமக்குத் துல்லியமாகத் தெரியும். பிரபஞ்சம் விரிய விரிய, வழியில் வரும் அலையும் நீள்கிறது. வந்து சேரும்போது 42 சென்டிமீட்டர் இருந்தால், அது கிளம்பியதிலிருந்து பிரபஞ்சம் இரண்டு மடங்கு விரிந்திருக்கிறது. அலைநீளத்தை அளந்தால் காலம் தெரிந்துவிடும்.

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த நிருபம் ராயும், கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்த அர்ணப் சக்ரவர்த்தியும் 2023 ஜனவரியில் அறிவித்தது இப்படிப்பட்ட ஓர் அலையைத்தான். 21 சென்டிமீட்டராகக் கிளம்பியது 48 சென்டிமீட்டராக வந்தது. கிளம்பியது 880 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. அதுவரை தனியொரு கேலக்ஸியின் வாயுவிலிருந்து இப்படிப் பிடித்ததில் 410 கோடி ஆண்டுதான் உச்சம். நியாயமாகப் பார்த்தால் இது பிடிபடவே கூடாது. அந்தக் கேலக்ஸிக்கும் நமக்கும் நடுவில் இன்னொரு கேலக்ஸி நேர்கோட்டில் அமைந்து, தன் ஈர்ப்பால் அலையை வளைத்து, ஏறக்குறைய 30 மடங்கு பெருக்கிக் கொடுத்தது. பார்த்தால், அங்கே நட்சத்திரங்களின் எடையைவிட ஹைட்ரஜன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

பிடித்த கருவி புணே மாவட்டத்து நாராயண்காவ் பக்கம் இருக்கும் ராட்சத மீட்டர்அலை ரேடியோ தொலைநோக்கி. 45 மீட்டர் அகலத்தில் 30 டிஷ்கள். கிட்டே போய்ப் பார்த்தால் டிஷ்ஷில் தகடே கிடையாது, வெறும் கம்பி வலை. வலையின் கண் அலைநீளத்தைவிடச் சிறியதாக இருந்தால், அலைக்கு அது முழுத் தகடு மாதிரிதான்; காற்று மட்டும் உள்ளே புகுந்து போய்விடும். எடை குறைந்தது, செலவும் குறைந்தது. இதைக் கட்டிய கோவிந்த் ஸ்வரூப்தான் 1970இல் ஊட்டி முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியையும் எழுப்பியவர். அங்கே மலைச்சரிவின் சாய்வும் இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய ஒன்று, 11 டிகிரி. அதனால் ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்துப் பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். ஊட்டிக்குப் போகிறவர்கள் பொட்டானிக்கல் கார்டனோடு திரும்பிவிடுவது எனக்கு வருத்தம்தான்.

சரி, இன்னும் பின்னால் போவோம், முதல் நட்சத்திரங்களின் காலத்துக்கு. அங்கே தனித்தனிக் கேலக்ஸியின் ஹைட்ரஜனைப் பிடிக்க இன்றைய டிஷ் எதற்கும் சக்தி போதாது. ஆனால் அந்தக் காலத்தில் ஹைட்ரஜன் எங்கும் பரவிக் கிடந்தது. மொத்த வானத்தின் சராசரியை அளந்தாலே போதும், அதற்கு ஒற்றை ஆன்டெனா போதும். பெருவெடிப்பின் மிச்ச வெப்பம் அப்போது 50 கெல்வின் (மைனஸ் 273 டிகிரி செல்சியஸைப் பூஜ்ஜியமாக வைத்து எண்ணும் அளவு) அளவில் இருந்தது. வாயுவோ 7 கெல்வினுக்கு ஆறிப்போயிருந்தது. முதல் நட்சத்திரங்களின் புறஊதா ஒளி பட்டதும், அணுக்களின் புரளல் வாயுவின் அந்தக் குளிருக்கு இசைந்துவிட்டது. உடனே வாயு பின்னணி வெப்பத்திலிருந்து 21 சென்டிமீட்டர் அலையை விழுங்கத் தொடங்கியது. அப்படி விழுங்கியது இன்று நம் அலைமாலையில், அதாவது எந்த அலைநீளத்தில் எவ்வளவு அலை வருகிறது என்று காட்டும் வரைபடத்தில், 4 மீட்டர் அலைநீளத்துப் பக்கம், ஒரு சின்னப் பள்ளமாகத் தெரிய வேண்டும்.

2018இல் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் எட்ஜஸ் என்ற கருவி, 78 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், அதாவது ஏறக்குறைய அதே 4 மீட்டர் அலைநீளத்தில், அந்தப் பள்ளத்தைக் கண்டதாகச் சொன்னது. ஆழம் அரை கெல்வின் (ரேடியோ அலையின் வலுவையும் வெப்பநிலையாகச் சொல்வது இவர்கள் வழக்கம்). கோட்பாடு எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஹைட்ரஜன், ஒளியே விடாத கரும்பொருளோடு (டார்க் மேட்டர்) உரசிக் கூடுதலாகக் குளிர்ந்திருக்குமோ என்று கட்டுரைகள் குவிந்தன. எனக்கு அந்த அவசரம் கொஞ்சம் அதிகமாகவே பட்டது.

ஏனென்றால், அதே அதிர்வெண்ணில் நம் பால்வெளி ஆயிரம் கெல்வினுக்கும் மேல் இரைகிறது. தேடுவது அதில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரே ஆறுதல், பால்வெளியின் இரைச்சல் அதிர்வெண் கூடக் கூட வழவழவென்று இறங்கும். இஸ்திரி போட்ட வேட்டியில் ஒரு மடிப்பைத் தேடுகிற வேலை இது. ஆனால் கருவியே ஒரு மடிப்பைப் போட்டுவிட்டால்?

அங்கேதான் தரை வில்லனாகிறது. ஆன்டெனா மேலே மட்டும் பார்ப்பதில்லை, கீழேயும் கொஞ்சம் பார்க்கும். மண்ணில் மேல் அடுக்கு காய்ந்திருக்கும், கீழே ஈரம், அதற்கும் கீழே பாறை. ஒவ்வொரு எல்லையிலும் அலை கொஞ்சம் திரும்பி வந்து, ஆன்டெனாவில் நேரே விழுந்த அலையோடு சேரும். சில அதிர்வெண்ணில் கூடும், சிலவற்றில் குறையும். அலைமாலையில் நெளிவு விழுந்துவிடும். ஆழமான ஏரியில் அடுக்கு கிடையாது. தண்ணீர் எங்கும் ஒரே மாதிரி, அதன் மின்தன்மையும் நன்றாகத் தெரிந்தது. ஆகவே அது செய்யும் பாதிப்பும் கணக்கில் அடங்கும். ஆன்டெனாவில் விழுந்த சமிக்ஞையை ஆப்டிகல் ஃபைபரில் கரைக்குக் கொண்டுவந்து அளந்தார்கள்.

இதைச் சொன்னபோது பெங்களூரு அல்சூர் நண்பர் ஒருவர், “ஏன் சார், நம்ம தமிழ்ச் சங்கத்துக்கு எதிரிலேயே ஏரி இருக்கே?” என்றார். தண்ணீர் சரிதான். ஆனால் 88 மெகாஹெர்ட்ஸிலேயே எஃப்.எம். நிலையங்கள் ஆரம்பித்துவிடும். எல்.இ.டி. பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாமே ஆளாளுக்கு ரேடியோ இரைச்சலைக் கக்கும். ஊரைவிட்டு ஓடத்தான் வேண்டும்.

2022 பிப்ரவரியில் முடிவு வெளியானது. எட்ஜஸ் சொன்ன பள்ளம் வானத்தில் இருந்திருந்தால் சரஸ் 3இல் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. 95.3 சதவீத நம்பகத்தோடு அந்த வடிவத்தை நிராகரித்தார்கள். வானத்தில் அந்தப் பள்ளம் இல்லை, அது பெரும்பாலும் கருவியின் கோளாறாகவே இருக்கும் என்பது அவர்கள் வாதம். கோட்பாடு சொல்லும் ஆழம் குறைந்த பள்ளத்தை யாரும் இன்னும் பிடிக்கவில்லை. ஒன்றும் கிடைக்காத இந்த அளவீடும் வீண்போகவில்லை: ஆதி கேலக்ஸிகள் ரேடியோவில் எவ்வளவு பிரகாசமாக இருந்திருக்க முடியும் என்பதற்கு அதை வைத்தே வரம்பு போட்டார்கள்.

அடுத்து அதே நிலையம் திட்டமிடுவது பிரத்யுஷ். நிலவைச் சுற்றும் ஒரு விண்கலம். நிலவின் மறுபக்கத்துக்கு மேலே போகும்போது மட்டும் அளக்கும், பூமியின் ரேடியோவை நிலவே மறைத்துக்கொள்ளும். தரைத் தொல்லை தீர்ந்தது, ஆனால் கலத்தின் உள்ளே இருக்கும் மின்னணுச் சாதனங்களே இரைச்சல் போடும். அதனால் கட்டுப்பாட்டுப் பகுதியை எவ்வளவு சின்னதாக, எவ்வளவு குறைந்த மின்சாரத்தில் ஓட்ட முடியும் என்று பார்க்கிறார்கள். பரிசோதனைக்கூடத்தில் அதற்குப் பயன்படுத்தியது ராஸ்ப்பெரி பை, பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் பையன்கள் காலேஜ் புராஜெக்டுக்கு வாங்கிப்போகிறார்களே, அந்த உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர்தான்.