வெளியுறவைத் துணைப்பாடமாக எடுப்பவர்களே, செய்தி பார்ப்பது படிப்பு ஆகாது

இந்தப் பருவத் தேர்வுத் தாள்களிலும் 1991 வளைகுடாப் போர் பற்றி அதே வரி: "ஐ.நா. அனுமதித்ததால் போர் நடந்தது." எந்த அவை, எந்தத் தீர்மானம், யார் எப்படி வாக்களித்தார்கள்? ஒன்றும் இல்லை. அரசியல் அறிவியலில் வெளியுறவைத் துணைப்பாடமாக எடுக்கும் பலரும் தினமும் உலகச் செய்தி பார்க்கிறார்கள், விவாதம் கேட்கிறார்கள். அதுவே பாதிப் படிப்பு என்று நம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அந்த நம்பிக்கையை விட்டுவிடுங்கள்.

என்ன நடந்தது என்பதைச் செய்தி சொல்லிவிடும். அந்த அரசுக்கு வேறு என்ன வழிகள் இருந்தன, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தது என்பதுதான் இந்தப் பாடத்தின் கேள்வி. காரணம் தலைவரிடமா, உள்நாட்டு அரசியலிலா, நாடுகளுக்கு இடையிலான வலிமைச் சமநிலையிலா? மூன்றையும் சொல்லலாம். எதற்கு எவ்வளவு எடை என்று சொல்லாமல் கலந்தடித்தால் மதிப்பெண் வராது.

ஈராக் குவைத்தை ஆக்கிரமித்த பிறகு, 1990 நவம்பர் 29 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை நிறைவேற்றிய 678ஆம் தீர்மானத்தை எடுத்துப் படியுங்கள். மிகச் சிறியதுதான். 1991 ஜனவரி 15க்குள் ஈராக் முந்தைய தீர்மானங்களை முழுமையாக நிறைவேற்றாவிட்டால், குவைத் அரசுடன் ஒத்துழைக்கும் நாடுகள் தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்தலாம் என்கிறது இரண்டாம் பத்தி. போர் என்ற சொல்லே அதில் கிடையாது. ஆதரவு 12; எதிர்ப்பு 2, கியூபாவும் ஏமனும். சீனா விலகி நின்றது. நிரந்தர உறுப்பினர் விலகி நின்றால் அது வீட்டோ (தீர்மானத்தைத் தடுக்கும் வாக்கு) ஆகாது என்ற நடைமுறை மட்டும் இல்லையென்றால், இந்தத் தீர்மானம் நிறைவேறியிருக்காது. சீனா ஏன் ஆதரிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை? உங்கள் கட்டுரை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

தீர்மானத்தின் முகவுரைப் பத்திகளுக்கு எண் இருக்காது, செயற்பத்திகளுக்கு இருக்கும். எண்ணிட்ட பத்தியின் வினைச்சொல்லில் கண் வையுங்கள். 'முடிவு செய்கிறது' வேறு, 'கேட்டுக்கொள்கிறது' வேறு. பொதுச்சபைத் தீர்மானங்கள் பெரும்பாலும் பரிந்துரைகளே. அவற்றைச் சட்டம் என்று எழுதாதீர்கள்.

தூதரக வளாகம் அயல்நாட்டு மண் என்றும் எழுதாதீர்கள். நிலம் அது அமைந்துள்ள நாட்டினுடையது. தூதரகத் தலைவரின் அனுமதியின்றி அந்நாட்டு அதிகாரிகள் நுழையக் கூடாது என்பதுதான் 1961 வியன்னா உடன்படிக்கை சொல்வது. ஒப்பந்தங்களிலும் இதே அவசரம். பல ஒப்பந்தங்களில் கையெழுத்து மட்டும் போதாது. நாடு ஏற்புறுதி (கையெழுத்துக்குப் பிறகு தரும் முறைப்படியான ஒப்புதல்) அளித்த பிறகே கட்டுப்படும்.

பாட வரிசையிலும் கவனம் வேண்டும். முதலில் கோட்பாட்டு அறிமுகம், அடுத்து பன்னாட்டுச் சட்டம், அதன் பிறகு வட்டாரப் பாடம், அதாவது உலகின் ஒரு குறிப்பிட்ட பகுதியைப் பற்றிய பாடம். ஆர்வக் கோளாறில் வட்டாரப் பாடத்தை முதலில் எடுப்பவர்கள் தகவல்களை அடுக்கிவிட்டு, வாதம் கட்டத் தெரியாமல் நிற்கிறார்கள். ஆய்வுமுறைத் தாளைத் தவிர்க்காதீர்கள். வட்டாரத்தை முடிவு செய்துவிட்டால் அதன் மொழியை முதலாண்டிலேயே தொடங்குங்கள். கடைசி ஆண்டில் தொடங்கினால் ஆவணம் படிக்கும் அளவுக்குத் தேறவே முடியாது. ஒரே தாள் முதன்மைப் பாடத்துக்கும் துணைப்பாடத்துக்கும் கணக்கில் சேருமா என்பதைப் பதிவு செய்யும் முன் துறை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.