அட்டை நமக்கு, தோள் நாய்க்கு

சாயங்காலம் 6 மணிக்கு மேல்தான் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் தரைச் சூடு தணியும். செம்பனை லாரிகளும் போய்விட்டிருக்கும். அப்போதுதான் மணியோடு தோட்டத்துத் திடலுக்குப் போவேன். மணி தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்த நாட்டு நாய். கழுத்தில் வார், வேலை எழுதிய ஐந்து காகித அட்டைகள், மைலோ டின்னில் அவித்த கோழி ஈரல். அட்டைகளில் உள்ளபடி நாயோடு நடக்கும் 'ரேலி ஒபீடியன்ஸ்' விளையாட்டைப் பழக ஆரம்பிக்க இவ்வளவு போதும்.

அமெரிக்காவில் சார்ல்ஸ் 'பட்' கிரேமர் உருவாக்கிய விளையாட்டு இது. அமெரிக்கன் கெனல் கிளப் 2005 முதல் இதற்குப் பட்டம் தருகிறது. அங்கே தொடக்க நிலையில் 10 முதல் 15 அட்டைகள் இருக்கும். 'நின்று உட்காரவை', 'வலப்பக்கம் 270 டிகிரி', 'மெதுவாக நட' என்று ஒவ்வொன்றிலும் ஒரு வேலை. நாய் இடது காலோரமாக வர, அட்டைகளைப் பார்த்து நாமே நடந்து முடிக்க வேண்டும். 100 புள்ளியிலிருந்து தப்புக்குத் தப்பு கழிப்பார்கள்; 70 இருந்தால் தேர்ச்சி. வார் இறுகினாலும் புள்ளி போகும். நாயோடு பேசலாம், கை தட்டலாம். தீனி மட்டும் கூடாது.

அட்டையை நாய் படிப்பதில்லை, நம் உடம்பைப் படிக்கிறது. வலப்பக்கம் திரும்பும்போது முதலில் நம் தலை திரும்பும், அப்புறம் இடது தோள் முன்னே வரும், கால் கடைசியில்தான். அந்தத் தோளைப் பார்த்துத்தான் மணி வேகம் கூட்டுகிறான். இடப்பக்கம் வரும் நாய்க்கு வலத் திருப்பம் வெளிவட்டம். நம்மைவிட அதிக தூரம் ஓட வேண்டும். இடத் திருப்பத்தில் நிலைமை தலைகீழ். வேகத்தைக் குறைத்து, பின்னங்கால்களை ஒதுக்கித் திரும்ப வேண்டும். திரும்பி முடித்துவிட்டு "வா, வா" என்று இழுப்பதில் பயனில்லை. ஓரடிக்கு முன்பே தலையைத் திருப்பிவிடுங்கள்.

சரியாகச் செய்த கணத்தை நாய்க்குக் காட்ட ஒரு சொல் வேண்டும். நான் "சரி!" என்பேன். முதல் சில நாள் சொல்வதும் ஈரல் கொடுப்பதும்தான் வேலை. மூளை ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகளில் இதன் காரணம் தெரிகிறது: பழகிய பிறகு மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் பரிசாகக் கிடைக்கும் பழச்சாறுக்கு அல்ல, அதை முன்னறிவிக்கும் அடையாளத்துக்கே துடிக்கின்றன. தீனி இல்லாத களத்திலும் ஒரு சொல்லால் நாயை உற்சாகப்படுத்த முடிவது இதனால்தான்.

இங்கேதான் நான் இரண்டு வாரம் தவறு செய்தேன். மணி காலோரமாக அழகாக வருவான், நான் டின் மூடியைத் திறந்துகொண்டே "சரி" என்பேன். மூடியின் 'டக்' சத்தத்துக்கு அவன் சட்டென்று என் முன்னால் வந்து நிற்பான். அவன் கற்றது என் சொல்லை அல்ல, மூடியை. காலோர நடைக்குப் போக வேண்டிய கூலி, முன்னால் வந்து நின்றதற்குப் போய்க்கொண்டிருந்தது.

இப்போது டின் திடலோரத் திட்டில் இருக்கிறது. முதலில் "சரி", பிறகு இருவரும் சேர்ந்து டின்னை நோக்கி ஓடுகிறோம். வார் தொய்ந்தே தொங்குகிறது. வலப்பக்க 270-ல் மட்டும் மணி இன்னும் அரை அடி பின்தங்குகிறான். நாளைக்குத் தலையை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே திருப்பிப் பார்க்க வேண்டும்.