சிமென்ட் பூசுவதற்கு முன்: பழைய கேட் லாட்ஜ்களின் பராமரிப்பு

அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டில், ஃபினிஸ்க் ஆற்றுப் பாலத்தின் மேல் வெங்காய வடிவக் குவிமாடமும் மினார்களுமாக நிற்கிறது டிரோமானா எஸ்டேட்டின் கேட் லாட்ஜ், அதாவது வாயிலோடு சேர்ந்த காவலாளி வீடு. 1826-இல் எஸ்டேட் உரிமையாளர் ஹென்றி வில்லியர்ஸ்-ஸ்டூவர்ட் தம்பதியை வரவேற்கத் தற்காலிகமாக அமைத்த வளைவு, அவர்களுக்குப் பிடித்துப்போனதால் பின்னர் கல்லாக எழுந்தது. இங்கிலாந்தின் பிரைட்டனில் உள்ள ராயல் பெவிலியன் அரண்மனையின் இந்தியச் சாயல் இதில் தெளிவாகத் தெரியும். சிதைந்துகிடந்த கட்டடத்தை 1960-களில் பழைய கட்டடங்களைக் காக்கும் ஐரிஷ் ஜார்ஜியன் சொசைட்டி மீட்டது.

எல்லா லாட்ஜுக்கும் இந்த அலங்காரம் கிடையாது. பெரும்பாலும் அவை காவலாளி குடும்பத்துக்கான இரண்டு மூன்று அறை வீடுகள். சாலையைப் பார்த்த முகப்புக்குத்தான் செலவு. பின்சுவர் மொட்டையாக இருக்கும். வண்டி எந்தத் திசையில் வந்தாலும் உள்ளிருந்தே தெரிவதற்காக ஜன்னல் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். கேட் தூணின் அடியில் சாய்வாகப் பதித்த குட்டைக் கல் அலங்காரமல்ல, வண்டிச் சக்கரம் தூணில் உரசாமல் தள்ளிவிடுவது. பாதையை அகலமாக்கும்போது அதைத்தான் முதலில் பிடுங்குகிறார்கள். அப்புறம் தூணில் லாரி இடிக்கிறது.

தூண் வெடிப்பதற்கு இன்னொரு காரணம் இரும்பு. கீல் தாங்கும் இரும்பைக் கல்லில் துளையிட்டு ஈயம் ஊற்றிப் பதித்திருப்பார்கள். ஈயம் தளர்ந்து நீர் இறங்கினால் துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால் கல் பிளக்கும். விரிசலை மேலே பூசி மறைப்பதில் பயனில்லை. இரும்பைக் கழற்றித் துருப்பிடிக்காத எஃகில் மாற்ற வேண்டும்.

எங்களை மிகவும் வருத்துவது சிமென்ட் பாயின்டிங், அதாவது கல் இணைப்புகளைச் சிமென்டால் நிரப்புவது. பழைய சுவர் ஈரத்தைச் சுண்ணாம்பு இணைப்புகள் வழியாக வெளியேற்றுகிறது. அந்த வழியை சிமென்ட் அடைத்தால், மென்மையான கல்லின் முகம் உறைபனியில் செதில் செதிலாக உதிரும். சுண்ணாம்பு அப்படியல்ல, தான் தேய்ந்து கல்லைக் காக்கும். இணைப்பின் அகலத்தைப் போல் இரு மடங்கு ஆழத்துக்குக் கையுளியால் சுரண்டுங்கள், கிரைண்டர் வேண்டாம். நீரில் இறுகும் வகைச் சுண்ணாம்பு ஒரு பங்குக்கு, கூர்மணல் (முனை மழுங்காத கரடுமுரடான மணல்) இரண்டரை முதல் மூன்று பங்கு போதும். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் வேலையைத் தொடங்காதீர்கள். பூசியபின் ஒரு வாரமாவது ஈரச்சாக்கால் மூடி வையுங்கள்.

ஒப்பந்தக்காரரின் மதிப்பீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன், நல்ல மழையில் ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். இரும்பு மழைநீர்க் குழாயின் பின்புறத்தில் பெயின்ட் எட்டாது. அங்கே துருவேறி வெடித்து, நீர் சுவரோடு வழியும். குழாயைச் சரிசெய்யாமல் பூசும் சுண்ணாம்பும் நிற்காது.