லோரன்ஸ் வீதியின் முனையில் சூரியன்

"அண்ணா, சிக்னல் எங்கே?"

கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த அந்தப் பெண் கேட்டு முடிப்பதற்குள், பயிற்றுநரான நான் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிட்டேன். ஒக்டோபர் நடுப்பகுதி, மாலை ஆறு மணி. கனடாவின் ரொறன்ரோ நகரில், ஸ்காபரோவில் லோரன்ஸ் வீதியில் மேற்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் சூரியன் நின்றது. கார் நின்ற இடத்திலிருந்து பத்தடி தூரத்தில், கைத்தடியை ஊன்றியபடி ஒரு முதியவர் வீதியைக் கடந்துகொண்டிருந்தார். எங்களை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பெண் கவனமில்லாதவர் அல்ல. என்னிடம் பழகியவர்களில் நிதானமானவர்களில் ஒருவர். அவருக்குத் தெரியாமல் போனது இந்த ஊரின் இலையுதிர் காலத்து வெளிச்சம்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான வேறுபாடுதான். ஆறு மணிக்கு விடியும், ஆறு மணிக்கு இருளும் என்று நம் உடம்பு பழகிவிட்டது. ரொறன்ரோவில் அந்த வேறுபாடு ஆறரை மணி நேரம். அதுவும் ஒரே சீராகக் குறைவதில்லை. யூன் மாதத்தில் பகலின் நீளம் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும். செப்டெம்பர் பிற்பாதியில் நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் கழன்றுபோகும். செப்டெம்பர் முதலாம் திகதி இரவு ஏழு ஐம்பதுக்கு மறைந்த சூரியன் மாதக் கடைசியில் ஏழு மணிக்கே மறைகிறது. அதே வேலை, அதே வீதி, அதே நேரம். வெளிச்சம் மட்டும் வேறு.

செப்டெம்பர் 22, 23ஆம் திகதிகளில் சூரியன் நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறைகிறது. அன்று இங்கே உதயம் காலை 7.05 அளவில், மறைவு மாலை 7.14 அளவில். பகலும் இரவும் அன்று சரிசமம் என்று பள்ளியில் படித்தோம். உண்மையில் பகல் சில நிமிடங்கள் கூடுதல். காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால், சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருக்கும்போதே நமக்குத் தெரிகிறது.

சாரதிகள் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. ரொறன்ரோவின் 'கிழக்கு மேற்கு' வீதிகள் உண்மையில் நேர் கிழக்கு மேற்காக ஓடுவதில்லை. ஏரிக்கரையை ஒட்டி வகுக்கப்பட்டதால் ஏறத்தாழ 17 பாகை சாய்ந்திருக்கின்றன. அதனால் அவற்றின் மேற்கு முனை சற்றுத் தெற்குப் பக்கமாகத் திரும்பியிருக்கிறது. செப்டெம்பர் 22 அன்று சூரியன் வீதிக்கு நேராக வரும்போது மாலை ஐந்தரை மணி இருக்கும், அப்போது அது இன்னும் உயரத்தில் நிற்கும். தலைக்கு மேலுள்ள மறைப்பை இறக்கினால் போதும். அதன்பின் ஒவ்வொரு நாளும் வீதிக்கு நேராக வரும் நேரத்தில் அது இன்னும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். ஒக்டோபர் 25ஐ ஒட்டி வீதியின் முனையிலேயே போய் மறைகிறது. இந்தக் காட்சிக்கு ரொறன்ரோஹெஞ்ச் என்று பெயரிட்டு, படம் பிடிக்க நகரின் நடுவே ஆட்கள் கூடுவார்கள். அழகான காட்சிதான். ஆனால் அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்கள், வேலை முடிந்து மேற்கே திரும்பும் ஒவ்வொருவருக்கும் சூரியன் சிக்னல் விளக்கின் உயரத்தில் நிற்கிறது. மறைப்பை இறக்கினால் விளக்கும் சேர்ந்து மறைந்துவிடும்.

காலையில் கிழக்கே போகிறவர்களுக்கு இந்த அளவு தொல்லை இல்லை, சூரியன் வலப்பக்கம் ஒதுங்கி எழுகிறது. அங்கே கவலை இருட்டுதான். ஒக்டோபர் இறுதியில் எட்டு மணியாகும்போதுதான் விடிகிறது. பள்ளிப் பிள்ளைகள் கறுப்பு ஜக்கெட்டுடன் பஸ்ஸுக்காக நிற்கிறார்கள்.

மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது முன்கண்ணாடியின் உட்பக்கத்தைப் பற்றி. வெளிப்பக்கத்தை மழை கழுவிவிடும். உட்பக்கத்தில் கோடை முழுவதும் படிந்த எண்ணெய்ப் படலத்தை யாரும் பார்ப்பதில்லை. தாழ்ந்த வெயில் அதில் பட்டதும் கண்ணாடி முழுதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள், புரியும்.

இன்னொன்று. உங்கள் காரின் நிழல் முன்னால் நீண்டு விழுந்தால், வெயில் உங்களுக்குப் பின்னால் இருக்கிறது. உங்களுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். எதிரே வந்து இடப்பக்கம் திரும்பக் காத்திருப்பவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். அவர் திரும்பிவிடுவார் என்று எண்ணியே சந்திப்பை நெருங்குங்கள்.

முன்விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்னதாகவே விளக்கைப் போட வேண்டும் என்பது இந்த ஒன்ராறியோ மாகாணத்தின் சட்டம். பகலில் தானாக எரியும் விளக்கை நம்பிப் பலர் அப்படியே ஓட்டுகிறார்கள். 2021 செப்டெம்பருக்கு முன் தயாரான கார்கள் பலவற்றில் அப்போது பின்விளக்கு எரியாது. பின்னால் வருபவருக்கு நீங்கள் இருட்டோடு இருட்டு. இந்தப் பருவத்தில் அந்தி மயக்கமும் சுருக்கம். மறைந்த அரை மணிக்குள் இருண்டுவிடும்.

வானிலையைப் பொறுத்தவரை, 1840 முதல் இந்த நகரில் பதிவு உண்டு. செப்டெம்பர் கடைசியில் பகலில் 20 பாகையை ஒட்டியும் இரவில் 10ஐ ஒட்டியும் இருப்பது வழக்கம். ஆனால் 2017இல் அதே வாரத்தில் வெப்பம் 30ஐத் தாண்டியது. 1954 ஒக்டோபர் 15 அன்று வந்த ஹேசல் புயலின் வெள்ளம் கனடாவில் 81 பேரைக் கொண்டுபோனது. சராசரியை மட்டும் நம்பி வெளியே இறங்காதீர்கள். தெளிந்த இரவுக்கு மறுநாள் கண்ணாடியில் பனி கோத்திருக்கும், அதைத் துடைக்கப் பத்து நிமிடம் முன்னதாக எழுங்கள்.

ஒக்டோபர் மூன்றாவது வாரத்தில் மாலை ஆறு மணிப் பாடங்களை இப்போது வேண்டுமென்றே மேற்கு நோக்கி வைக்கிறேன். புறப்படும் முன் தரிப்பிடத்திலேயே மாணவர் கையில் ஒரு பருத்தித் துணியைக் கொடுக்கிறேன். உட்பக்கக் கண்ணாடியைத் துடைத்த பிறகுதான் சாவி.