கோரோ மறைத்த செல்லோ

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ‘சிபில்’ என்றோர் எண்ணெய் ஓவியம் இருக்கிறது. பிரெஞ்சு ஓவியர் காமீய் கோரோ 1870 வாக்கில் வரைந்தது. இளம்பெண் ஒருத்தி அமர்ந்திருக்கிறாள்; வாத்தியம் எதுவும் இல்லை. அந்தக் கேன்வாஸை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோதுதான், அவளை முதலில் செல்லோ (வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய நரம்பு வாத்தியம்) வாசிப்பவளாக கோரோ வரைந்திருந்தது தெரிந்தது.

கோரோ என்றதும் பலருக்கும் மரங்களும் குளங்களும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கடைசிக் காலத்தில் அவர் நிறையப் பெண் உருவங்களை வரைந்தார். பெரும்பாலானவற்றை வெளியே காட்டாமல் தம் ஓவியக்கூடத்திலேயே வைத்திருந்தார். அவற்றில் பல பெண்களின் கையில் மாண்டலின் இருக்கும். பிரேசிலின் சாவ் பாவ்லோ அருங்காட்சியகத்தில் உள்ள 1874ஆம் ஆண்டு ஓவியம் அப்படிப்பட்டது. அவர் 1875இல் இறந்தார். ஜெர்மன் இயற்பியலாளர் ரான்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895இல். தாம் மூடியதை ஒருநாள் யாரோ பார்ப்பார்கள் என்று அவர் நினைத்திருக்க வாய்ப்பே இல்லை.

சரி, பெயிண்டுக்கு அடியில் இருப்பது எப்படித் தெரிகிறது? எக்ஸ்ரேக்கு நிறம் தெரியாது. அது வழியில் சந்திக்கும் அணு எவ்வளவு கனமானது என்பதுதான் முக்கியம். கனமான அணுவுக்கு அணு எண்ணும் பெரிது. குறைந்த ஆற்றல் கொண்ட எக்ஸ்ரேயில், அந்த எண் இரண்டு மடங்கானால் உறிஞ்சப்படும் அளவு தோராயமாக எட்டு மடங்காகும். கரிக் கறுப்பில் இருப்பது கார்பன், அணு எண் 6. காவி, பழுப்பு மண் நிறங்களில் இரும்பு, 26. அந்தக் கால ஓவியர்கள் தாராளமாகப் பயன்படுத்திய வெள்ளையில் இருப்பதோ ஈயம், 82. நெஞ்சு எக்ஸ்ரேயில் எலும்பு வெள்ளையாகத் தெரிவதைப் போல, ஈய வெள்ளை பூசிய இடமெல்லாம் படத்தில் பளிச்சென்று வெளுத்துத் தெரியும். கறுப்பும் காவியும் கதிரை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடும்.

முகம், கை, துணியின் மடிப்பில் விழும் ஒளி, இவற்றுக்கெல்லாம் ஓவியர் ஈய வெள்ளையைக் கலந்தாக வேண்டும். அதனால் மேலே வேறு நிறம் பூசி மூடினாலும் பழைய உருவம் எக்ஸ்ரேயில் மிஞ்சுகிறது. தூரிகை போன திசைகூடச் சில இடங்களில் தெரியும். கேன்வாஸுக்கு முதலில் பூசும் அடிப்பூச்சிலும் ஈய வெள்ளை இருந்தால், அது நூல் இடுக்குகளில் இறங்கி நெசவையே காட்டிக்கொடுக்கும்.

ஆனால் எக்ஸ்ரே படத்தைப் படிப்பது லேசான வேலை இல்லை. எல்லா அடுக்குகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே படத்தில் விழுகின்றன; எது மேலே, எது கீழே என்று படம் சொல்லாது. சட்டத்தின் கட்டைகளும் ஆணிகளும் குறுக்கே வரும். வெர்மிலியன் என்ற சிவப்பில் இருப்பது பாதரசம், அணு எண் 80. ஆகவே கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிவதும் எக்ஸ்ரேயில் வெள்ளையாகிவிடும். ஓவியத்தையும் எக்ஸ்ரேயையும் பக்கத்தில் வைத்து, கண்ணுக்குத் தெரியும் ஓவியத்தோடு பொருந்தாத கோடுகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். இந்தப் பொறுமையான வேலையைச் செய்பவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

இந்தக் குழப்பத்தைக் குறைக்க இப்போது இன்னொரு வழி இருக்கிறது. எக்ஸ்ரே ஓர் அணுவின் உள்வட்டத்திலிருந்து எலக்ட்ரானைத் தட்டிவிட்டால், வெளிவட்ட எலக்ட்ரான் அந்த இடத்துக்கு இறங்கி, தன் பங்குக்கு ஓர் எக்ஸ்ரேயை உமிழும். அதன் ஆற்றல் தனிமத்துக்குத் தனிமம் வேறு. ஓவியத்தைப் புள்ளி புள்ளியாக வருடினால் பாதரசத்துக்கு ஒரு வரைபடம், கோபால்ட்டுக்கு ஒன்று, இரும்புக்கு ஒன்று எனத் தனித்தனியாகக் கிடைக்கும்.

மெல்பர்னில் உள்ள, பிரெஞ்சு ஓவியர் தெகாவின் பெண் உருவப்படம் ஒன்றை, மிக வலுவான எக்ஸ்ரேயைத் தரும் ஆஸ்திரேலிய சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கியில் 33 மணி நேரம் இப்படி வருடினார்கள். 2016இல் வெளியான முடிவில் கிடைத்தது தலைகீழாக ஒளிந்திருந்த இன்னொரு பெண்ணின் முகம். முதல் படத்தை விட்டுவிட்டு, தெகா கேன்வாஸைத் திருப்பி வைத்து அதன்மேலேயே வரைந்திருக்கிறார். அந்த முகம் எம்மா டோபின்யி என்ற மாடலுடையதாக இருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கோரோவுக்கும் மாடலாக இருந்தவர் அவர்.