அட்டையை யாருக்கு அர்ப்பணித்தார்கள்? – உள்ளமைந்த வரைகலையும் தனி வரைகலையும்

"இக்கணினியில் அர்ப்பணிக்கப்பட்ட வரைகலை அட்டை உள்ளது." கணினி விற்கும் தளங்களின் தமிழ்ப் பக்கங்களில் இந்த வரி ஓயாமல் வருகிறது. அதற்கு அடுத்த கட்டத்திலேயே "ஒருங்கிணைந்த வரைகலை" என்று இன்னொரு வகை. மகளின் கல்லூரிப் படிப்புக்கு மேசைக் கணினி வாங்கப் போகிற ஒருவர் இவ்விரண்டையும் படித்துவிட்டு எதை எடுப்பார்? அர்ப்பணிப்பு உயர்ந்ததாகத் தோன்றும், ஒருங்கிணைப்பும் நல்லதாகத்தான் தோன்றும். எது எங்கே இருக்கிறது, எதற்குக் கூடுதலாகப் பணம் கொடுக்கிறோம் என்பதை இரண்டு சொல்லும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டிய செய்தி எளியதுதான். திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் கணக்கிட்டு வரைந்து அனுப்ப ஒரு வன்பொருள் வேண்டும். அது மையச் செயலிக்குள்ளேயே (புராசசர்) ஒரு பகுதியாக இருக்கலாம். அல்லது தனக்கென்று நினைவகமும் விசிறியும் வைத்துக்கொண்டு, தாய்ப்பலகையின் (மதர்போர்டு) பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் என்ற செருகிடத்தில் ஓர் அட்டையாகச் செருகப்படலாம். முதலாவதை ஆங்கிலத்தில் இன்டக்ரேட்டட் என்கிறார்கள். இரண்டாவதை டிஸ்க்ரீட் என்றும் டெடிகேட்டட் என்றும் சொல்கிறார்கள்.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கிராபிக்ஸ், எழுதுதலையும் வரைதலையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழில் 'வரை' என்ற வினைக்கும் அதே இரண்டு பொருள் உண்டு என்பதால் வரைகலை நன்றாகப் பொருந்துகிறது. இன்டக்ரேட்டட் என்பதன் லத்தீன் வேர் முழுமையைக் குறிக்கிறது, டிஸ்க்ரீட் என்பதன் வேர் பிரித்தலை. டெடிகேட் என்பது முதலில் தெய்வத்துக்கென்று ஒன்றை நேர்ந்துவிடுவது. ஒரே வேலைக்கென ஒதுக்குவது என்ற பொருள் அதிலிருந்து பின்னர் விரிந்தது.

சிக்கல் இந்தக் கடைசிச் சொல்லில்தான் தொடங்குகிறது. ஆங்கிலச் சொல்லின் பொருள் கோயிலை விட்டு வெளியே வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. தமிழில் 'அர்ப்பணி' அப்படி வெளியே வரவில்லை. வாழ்வை அர்ப்பணித்தார், உயிரை அர்ப்பணித்தார், அர்ப்பணிப்பு உணர்வுள்ள ஆசிரியர் என்று மனிதர்களின் தியாகத்துக்கே அது வழங்குகிறது. அதைக் கொண்டுவந்து ஒரு மின்சுற்று அட்டையின் மேல் ஒட்டினால் அட்டையைப் பற்றி ஒன்றும் விளங்காது. அகராதியில் முதல் வரியில் இருந்த பொருளை எடுத்து வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்கள் என்பது மட்டுமே விளங்கும்.

'பிரத்யேக கிராபிக்ஸ்' என்போரும் உண்டு. இது அர்ப்பணிப்பு அளவுக்குப் பிழையில்லை. ஆனால் விளம்பரத் தமிழில் 'பிரத்யேகம்' என்றால் சிறப்புச் சலுகை, சிறப்புப் பதிப்பு என்ற வாடைதான் முதலில் வருகிறது. சாதாரண விலையில் கிடைக்கும் ஓர் அட்டையை வாடிக்கையாளர் ஏதோ அரிய பொருள் என்று எண்ணிவிடுவார். டிஸ்க்ரீட் என்பதற்குத் 'தனித்துவமான' என்று எழுதுவது இன்னும் மோசம். தனித்துவம் என்பது பிறரிடம் இல்லாத இயல்பு. ஒரே மாதிரி இலட்சக்கணக்கில் வார்த்தெடுக்கும் அட்டைக்கு என்ன தனித்துவம்?

தமிழில் இதற்கான சொல் எப்போதும் இருக்கிறது: தனி. பிரிந்து நிற்பது, ஒன்றுக்கென்றே ஒதுக்கப்பட்டது என்ற இரண்டு பொருளையும் அது சுமக்கிறது. தனிக்குடித்தனம் என்பதில் பிரிவு. தனித்தொகுதி என்பதில் ஒதுக்கீடு. நில எடுப்புப் பணிக்கென்றே அமர்த்தப்படுபவரைத் தமிழ்நாட்டு வருவாய்த்துறை 'தனி வட்டாட்சியர்' என்றுதான் குறிப்பிடுகிறது, அர்ப்பணிக்கப்பட்ட வட்டாட்சியர் என்று அல்ல. ஆங்கிலம் இரண்டு சொற்களில் சொல்வதைத் தமிழ் இரண்டெழுத்தில் சொல்லிவிடுகிறது. ஆகவே தனி வரைகலை. அது அட்டையாக வந்தால் தனி வரைகலை அட்டை. மடிக்கணினியில் அட்டை இராது, சில்லைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். அங்கே 'தனி வரைகலை' என்றாலே போதும். அந்தச் சில்லையும் 'அட்டை' என்று எழுதுவது தவறு.

இனி 'ஒருங்கிணைந்த'. இதற்கு ஆதரவாளர்கள் மிகுதி. பாடநூல்களில் 'ஒருங்கிணைந்த சுற்று' இருக்கிறது, அரசுத் திட்டப் பெயர்களில் 'ஒருங்கிணைந்த' இருக்கிறது, பிறகு இங்கே மட்டும் ஏன் கூடாது என்கிறார்கள். சுற்றைப் பற்றி எனக்கு மறுப்பே இல்லை. பல உறுப்புகள் ஒரே சில்லில் சேர்ந்து ஒன்றானதால் அது ஒருங்கிணைந்த சுற்று; பொருள் நேராக இருக்கிறது. வரைகலையில் எது எதோடு ஒருங்கிணைந்தது? 'ஒருங்கிணைந்த வரைகலை' என்று படிக்கிற தமிழர், பல வரைகலைகள் ஒன்றுகூடிய வலுவான ஏற்பாடு என்று புரிந்துகொள்ள எல்லா நியாயமும் இருக்கிறது. உண்மையில் அது செயலிக்குள் இடம் பிடித்து, செயலியின் மின்சாரத்தையும் கணினியின் பொது நினைவகத்தையும் பங்கிட்டுக்கொண்டு வாழும் சிறு பகுதி. இணைப்பைக் காட்டிலும் இருக்குமிடம்தான் இங்கே செய்தி.

இருக்குமிடம் முக்கியம் என்பதற்கு வரலாறே சான்று. 1999இல் இன்டெல் வெளியிட்ட 810 சிப்செட்டில் (செயலியை மற்ற உறுப்புகளோடு இணைக்கும் சில்லுத் தொகுதி) வரைகலை தாய்ப்பலகையின் சில்லுக்குள் இருந்தது. 'ஆன்போர்டு', அதாவது பலகையின் மேல், என்ற பெயர் அதற்குப் பொருந்தியது. 2010இல் வந்த இன்டெலின் கிளார்க்டேல் செயலிகளில் வரைகலைச் சில்லு செயலியின் உறைக்குள் குடியேறியது. ஆனால் உறைக்குள் இரண்டு சில்லுகள் தனித்தனியாகவே இருந்தன. 2011இல் சாண்டி பிரிட்ஜ் என்ற அடுத்த செயலி வரிசை வந்தபோது இரண்டும் ஒரே சில்லாயின. 2006இல் வரைகலைச் சில்லு நிறுவனமான ஏடிஐயை வாங்கிய, இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டியும் அதே 2011இல் லானோ செயலிகளோடு மேசைக் கணினிக்கு இந்த வழியில் வந்தது. அதற்கு ஏபியு (அக்சலரேட்டட் புராசசிங் யூனிட்) என்று தனிப்பெயர் வைத்தது. அதைத் தமிழில் 'முடுக்கப்பட்ட செயலாக்க அலகு' என்று எழுதுகிறார்கள். ஒரு நிறுவனத்தின் விற்பனைப் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதால் யாருக்கும் பயனில்லை. ஏபியு என்றே விட்டுவிடலாம்.

வரைகலை பலகையை விட்டுப் போய் இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் 'ஆன்போர்டு' என்றும் 'தாய்ப்பலகை வரைகலை' என்றும் எழுதுவது வாங்குபவருக்கு நேரடி நட்டம். இன்டெல் செயலிகளுக்கான ஒரு எச்610 தாய்ப்பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். பின்புறம் எச்டிஎம்ஐ துளை இருக்கும். கோர் ஐ5-12400 செயலியைப் பொருத்தினால் அத்துளையில் படம் வரும், ஏனென்றால் யுஎச்டி 730 வரைகலை அந்தச் செயலிக்குள் இருக்கிறது. சற்று விலை குறைந்த 12400எஃப் பொருத்தினால் அதே பலகை, அதே துளை, திரை இருட்டு. அந்த 'எஃப்' எழுத்து வரைகலை இல்லை என்பதைக் குறிக்கிறது. ஏஎம்டியின் ரைசன் 5 5600 செயலியில் வரைகலை கிடையாது, 5600ஜி என்றால் உண்டு. 'பலகையில் கிராபிக்ஸ் இருக்கிறது' என்ற சொல்லை நம்பி எஃப் செயலி வாங்குகிறவர், பிறகு திட்டமிடாத ஓர் அட்டைக்கும் பணம் தேட வேண்டியிருக்கும்.

ஆகவே நான் முன்வைப்பது 'உள்ளமைந்த வரைகலை'. உள்ளே அமைந்தது என்று படித்தவுடன் விளங்கும். எதனுள் என்று கேட்டால் 'செயலியில் உள்ளமைந்த' என்று நீட்டலாம். தலைப்பிலோ பட்டியலிலோ சுருக்கம் வேண்டுமென்றால் 'உள்ளமை வரைகலை' என்று வினைத்தொகையாக்கலாம். கான்ஃபிகரேஷன் என்பதற்குச் சிலர் 'உள்ளமைவு' என்று எழுதுகிறார்களே, குழப்பம் வராதா என்று கேட்பார்கள். வரும். அங்கே மாற வேண்டியது அந்த 'உள்ளமைவு'தான். கணினியின் கூறுகளைப் பட்டியலிடுவதில் 'உள்' எங்கிருந்து வந்தது? 'அமைப்பு' என்றோ 'அமைவடிவம்' என்றோ எழுதினால் போதுமே.

'செயலி'யும் இப்படித்தான் கைமாறிப் போனது. நுண்செயலி என்று புராசசருக்காகப் புழங்கி வந்த சொல்லை, செய்தித்தாள்கள் கைப்பேசி ஆப்புக்குக் கொடுத்துவிட்டன. இன்று 'வரைகலைச் செயலி' என்றால் படம் வரையும் ஆப் என்றுதான் பலர் எண்ணுவார்கள். இந்தக் கட்டுரையில் செயலி என்று எழுதிய ஒவ்வோர் இடத்திலும் புராசசர் என்றே கொள்ளுங்கள். ஐயம் எழும் இடத்தில் 'புராசசர்' என்று தமிழெழுத்தில் எழுதுவதில் எனக்குத் தடையில்லை. 'கிராபிக்ஸ் கார்டு'ம் அப்படியே. பிழையான தமிழைவிடப் புரிகிற கடன்சொல் மேல்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் அந்தப் 'பட்ட'. ஒருங்கிணைக்கப்பட்ட, அர்ப்பணிக்கப்பட்ட, பகிரப்பட்ட, முடுக்கப்பட்ட. ஆங்கிலச் சொல் எந்த ஈற்றில் முடிகிறதோ அதற்கு ஒரு 'பட்ட' போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஊறுகாயை 'ஊறவைக்கப்பட்ட காய்' என்று எந்த வீட்டிலும் சொல்வதில்லை. பகிர் நினைவகம், தனி வரைகலை, உள்ளமை வரைகலை என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு தடுக்கவில்லை, பொருளும் குறையவில்லை.

நினைவகத்துக்கும் இதே கவனம் தேவை. விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் டெடிகேட்டட், ஷேர்டு என்று வரைகலை நினைவகம் இரண்டாகக் காட்டப்படும். இங்கே டெடிகேட்டட் என்பதைத் 'தனி' என்று பெயர்க்க மாட்டேன். உள்ளமைந்த வரைகலை உள்ள கணினியிலும் கணினியைத் தொடக்கிவைக்கும் நிரலான பயாஸில் பொது நினைவகத்திலிருந்து 512 எம்பியோ 2 ஜிபியோ அதற்கென்று பிடித்துவைப்பதுண்டு. 16 ஜிபி வாங்கினேன், 14 ஜிபிக்கும் கீழேதான் காட்டுகிறது என்று திகைப்பவர்களுக்கு விடை அதுதான். அது தனி நினைவகம் அல்ல, ஒதுக்கிய நினைவகம். மற்றது பகிர் நினைவகம்.

இந்தப் பகிர்வுதான் இரண்டு வகைக்கும் உள்ள உண்மையான இடைவெளி. டிடிஆர்4-3200 வகை நினைவகம் (ராம்) ஒற்றைக் குச்சியாக இருந்தால் நொடிக்கு 25.6 ஜிபி வரைதான் தரவு போய்வரும்; இரட்டைக் குச்சியாகப் போட்டால் 51.2. அதையும் செயலியோடு பங்கிட வேண்டும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 போன்ற நடுத்தரத் தனி அட்டை, தன் சொந்த நினைவகத்தோடு மட்டும் நொடிக்கு 224 ஜிபி பேசுகிறது. தட்டச்சு, கணக்கு, காணொளி, நிரல் எழுதப் பழகுவது என்றால் உள்ளமைந்ததே தாராளம். அங்கே 16 ஜிபியை ஒரே குச்சியாக வாங்காமல் இரண்டு 8 ஜிபியாக வாங்குங்கள். பெரிய விளையாட்டு, பிளெண்டர் மென்பொருளில் முப்பரிமாண வேலை என்றால் தனி அட்டை. அதற்கேற்ற பவர் சப்ளையும் வேண்டும், ஏனென்றால் ஸ்லாட் வழியாக அட்டைக்குக் கிடைப்பது 75 வாட் மட்டுமே. அட்டை செருகிய பின் திரையின் கம்பியைப் பலகையின் துளையில் விடாமல் அட்டையின் துளையில் மாட்டுங்கள்.