சிமுலேஷன்: போலச்செய்தல்

'சிமுலேஷன்' என்னும் ஆங்கிலச் சொல் லத்தீனின் 'சிமுலாரே' என்ற வினையிலிருந்து வந்தது. 'ஒத்த' என்று பொருள்படும் 'சிமிலிஸ்' அதன் அடி. ஒன்றைப் போல் ஆக்குதல் என்பதோடு, இல்லாததை இருப்பதாக நடித்தல் என்ற பொருளும் லத்தீனிலேயே அவ்வினைக்கு இருந்தது.

எதையெல்லாம் கணிக்க முடியும், எத்தனை அடிகளில் முடியும் என்று ஆராயும் கணிமைக் கோட்பாட்டில் நடிப்பென்ற அந்தப் பொருளுக்கு இடமில்லை. ஒரு பொறியின் ஒவ்வோர் அடியையும் வேறொரு பொறி தன்னிடமுள்ள கருவிகளைக் கொண்டே பிழையின்றி நடத்திக் காட்டுவதைத்தான் அங்கே சிமுலேஷன் என்கிறார்கள். இரு திசையிலும் இது முடிந்தால் அவ்விரண்டும் சமவலு உடையவை. கணிதவியலாளர் அலன் டூரிங், தாம் கற்பனையில் வகுத்த பொறியும், மற்றொரு கணிதவியலாளரான அலோன்சோ சர்ச் சார்புகளை மட்டும் கொண்டு கணிப்பதற்கு வகுத்த லாம்டா கணிதமும் கணிக்கக்கூடியவை ஒன்றே என்று 1936-இல் காட்டியதும் இவ்வழியில்தான்.

டூரிங் பொறியில் ஒரு நீண்ட நாடாவின் மேல் ஒரு தலை கட்டம் கட்டமாக நகர்ந்து, எழுத்துகளைப் படித்தும் மாற்றி எழுதியும் கணிக்கிறது. அந்த நாடாவை இரண்டு அடுக்குகளால் (stack: உச்சியில் மட்டுமே வைக்கவும் எடுக்கவும் முடிவது) போலச்செய்வதைப் பார்க்கலாம். நாடாவில் க, ச, ட, த, ப என்று எழுதியிருக்க, தலை 'ட'வின் மேல் நிற்கிறது. இடப்புற எழுத்துகளை 'ச' உச்சியில் இருக்கும்படி ஓர் அடுக்கிலும், மற்றவற்றை 'ட' உச்சியில் இருக்கும்படி மறு அடுக்கிலும் வைக்கிறோம். 'ட'வை அழித்து 'ற' எழுதி வலப்புறம் நகர் என்பது கட்டளையானால், வல அடுக்கிலிருந்து 'ட'வை எடுத்துவிட்டு இட அடுக்கின் மேல் 'ற'வை வைத்தால் போதும். தலை இப்போது 'த'வைப் பார்க்கிறது. இதற்கு ஓர் அடுக்கு மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போலச்செய்வதற்கு விலையும் உண்டு. பல நாடாக்கள் கொண்ட டூரிங் பொறி t அடிகளில் முடிப்பதை ஒற்றை நாடாப் பொறி ஏறத்தாழ t² அடிகளில் முடிக்கும் என்று கணினி அறிவியலாளர்கள் ஹார்ட்மானிஸும் ஸ்டேர்ன்ஸும் 1965-இல் காட்டினார்கள். வலு மாறாது, வேகம் மாறும்.

இனித் தமிழ்ச்சொல். 'உருவகப்படுத்துதல்' பரவலாக வழங்கினாலும், உருவகத்தில் இரு பொருள்கள் ஒன்றாகிவிடுகின்றன. இங்கோ அடுக்கு, தான் அடுக்காகவே இருந்துகொண்டு நாடாவைப் போல நடக்கிறது. 'பாவனை' என்றால் தமிழ்நாட்டில் நடிப்பு. இலங்கையில் பயன்பாடு, அங்கே நுகர்வோரைப் 'பாவனையாளர்' என்பார்கள். பொருளால் மிக நெருங்கி வருவது இலக்கணத்தின் 'போலி'தான்: நிலம் 'நிலன்' என்றும் பந்தல் 'பந்தர்' என்றும் எழுத்து மாறியும் பொருள் மாறாது நிற்பது அது. ஆனால் போலி மருத்துவரையும் போலிச் சான்றிதழையும் நாளும் செய்தியில் படிப்பவரிடம் அச்சொல்லைக் கொடுத்தால், லத்தீன் வினையின் பழைய பொய்தான் முதலில் நினைவுக்கு வரும். ஆகவே அதே 'போல்' என்னும் அடியிலிருந்து 'போலச்செய்தல்' என்பதையே நான் எடுத்துக்கொள்கிறேன். சற்று நீளம்தான், எனினும் 'இப்பொறி அப்பொறியைப் போலச்செய்கிறது' என்று வினையாகவும் எழுத முடிகிறது.